பிரமிட்டைத் தேடாதீங்க, பெரட்டுக் களத்துக்கு வாங்க

போன லீவுல வீட்டுக்கு வந்திருந்தப்போ எங்க தோட்டத்து இளைஞர் வட்ஸ்அப் குழுவுல ஒரு பதிவு சுத்திச்சு. "நாம் இன்றும் பின்பற்றும் பண்டைய எகிப்தியர் பழக்கங்கள்" என்று தலைப்பு. கண்மை, நாட்காட்டி, இருபத்திநாலு மணித்தியாலம், பூனை வளர்ப்பது, காகிதம் என்று ஒரு பட்டியல், கீழே தங்க முகமூடி போட்ட ராசாவின் படம். எல்லாரும் இதயம் போட்டாங்க. அதோட நின்றிருந்தால் நானும் ஒரு இதயம் போட்டிருப்பேன்.

ஆனா நம்ம டிவிசன் அண்ணன் ஒருத்தர் அடுத்த அஞ்சு நிமிசத்துல ஒரு நீண்ட குரல்பதிவு போட்டார். நம்ம காமன் கூத்தும் எகிப்துதான், அங்கே ஒசிரிஸ் செத்து உயிர்க்கிறான், இங்கே மன்மதன் எரிந்து உயிர்க்கிறான், அங்கே ஐசிஸ் அழுகிறாள், இங்கே ரதி அழுகிறாள், ஆகவே நாம் பிரமிட் கட்டின இனம், உலகத்துக்கே நாகரிகம் கொடுத்தவங்க. இதுதான் சுருக்கம். நான் "இது பிழை அண்ணா" என்று ஒரே வரி எழுதினேன். "படிக்கப் போன பிள்ளைகளுக்கு நம்ம பெருமை பிடிக்காது" என்று பதில் வந்தது. அதுக்கும் நிறைய இதயம்.

அந்த ஒரு வரிக்கு நான் பட்ட கடன்தான் இந்தக் கட்டுரை. அண்ணனோட சண்டை பிடிக்க எழுதவில்லை. அவர் கூத்துல தூதன் வேசம் கட்டுகிறவர், மாசி மாசம் முழுக்கக் கால் வலிக்க ஆடுகிறவர். நான் சண்டை பிடிப்பது அந்தப் பதிவோடு, அதை அனுப்பிவிட்டு நிம்மதியாத் தூங்குகிற நம்ம எல்லாரோடும்.

முதல்ல, பட்டியலில் இருக்கிற உண்மையை உண்மை என்றே சொல்லிவிடுவோம். பகலைப் பன்னிரண்டாகவும் இரவைப் பன்னிரண்டாகவும் பிரித்தது எகிப்தியர்தான். முப்பது நாளில் பன்னிரண்டு மாதம், கடைசியில் அஞ்சு நாள், ஆக 365 என்ற கணக்கும் அவங்களுடையதே. கண்ணுக்கு மை தீட்டினார்கள், ஆண்களும் தீட்டினார்கள். பப்பைரஸ் என்ற பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தில் காகிதத்துக்கான சொல் வந்தது. எகிப்திலேயே இன்றைக்கும் அந்தப் பழமை உயிரோடு இருக்கிறது. கொப்திக் கிறிஸ்தவர்களின் நாட்காட்டி பழைய மாதப் பெயர்களை இன்னும் சுமக்கிறது. கிராமத்து விவசாயி எப்போ விதைக்கணும், எப்போ குளிர் கடுமையாகும் என்று அந்த மாதங்களை வைத்துப் பேசுகிறார். வசந்தகாலத்தில் ஷம் அல்-நசீம் என்று ஒரு நாள் வரும். முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் உப்பில் ஊறிய மீன், வெங்காயம், முட்டை எடுத்துக்கொண்டு வெளியில் போய்ச் சாப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஒரு பழக்கம் "உயிரோடு வந்தது" என்று சொல்ல என்ன வேணும் என்றுதான் கேட்கிறேன். கை மாறி வந்திருக்கணும். யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த வழியில் என்று ஒரு தடம் இருக்கணும். எகிப்திய நாட்காட்டியை ரோமர்கள் எடுத்தது, அதைத் திருத்தியது, அது ஐரோப்பா வழியாக உலகம் முழுக்கப் போனது, எல்லாத்துக்கும் தடம் இருக்கிறது. பார்க்க ஒன்று போல இருப்பது தடம் ஆகாது. என் தங்கச்சியும் பக்கத்து லயத்துப் பிள்ளையும் ஒரே மாதிரிச் சிரிப்பாங்க. அதுக்காக ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளைகள் ஆகிவிடுவாங்களா?

காமன் கூத்துக்கு வருவோம். ஒசிரிஸைக் கொல்வது அவன் தம்பி. அவன் உயிர்த்தாலும் இந்த உலகத்துக்குத் திரும்பி வருவதில்லை, செத்தவர்களின் உலகத்துக்கு ராசா ஆகிறான். மண்ணில் அவன் உருவம் செய்து வாற்கோதுமை விதைத்து முளைக்க விட்டார்கள் என்பது உண்மை. நம்ம அண்ணன் அதை மாரியம்மன் திருவிழா முளைப்பாரியோடு முடிச்சுப் போடுகிறார். மண்ணும் விதையும் இருக்கிற எந்த ஊரிலும் மனுசன் முளைக்கிறதைப் பார்த்துக் கும்பிட்டிருப்பான். நம்ம காமனை எரிக்கிறது சிவன். தவத்தைக் கலைத்ததுக்குத் தண்டனை. ரதி கேட்டு அழுது, அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அவன் திரும்பி வருகிறான். ரெண்டு கதையின் நியாயமும் வேற, வலியும் வேற.

அதைவிட முக்கியம், காமன் கூத்துக்கு நம்மிடம் தடம் இருக்கிறது. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கோப்பிக் காலத்தில் கிளம்பினவர்கள் தலையில் சுமந்து வந்தது அது. மண்டபம், தோணி, மன்னார், அப்புறம் காட்டுவழி நடை, மாத்தளை. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் போக மிச்சப்பட்டவர்கள் மலை ஏறினார்கள். கையில் ஏடு இல்லை, ஒலிப்பதிவு இல்லை. ஆனா தப்படி மறக்கவில்லை, ரதி புலம்பல் மறக்கவில்லை. மாசி அமாவாசை கழிந்ததும் காமன் ஊன்றி, ராத்திரி ராத்திரியா ஆடி, பௌர்ணமியை ஒட்டி எரிக்கிறோம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் அந்த வழியைத் திரும்ப நடந்தாங்களே, ஞாபகம் இருக்கா? ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்தது. அந்தப் பாதைதான் கூத்தின் சாட்சி. கண்ணெதிரே இருக்கிற இந்தத் தடத்தை அழித்துவிட்டு நைல் நதியில் கொண்டுபோய்க் கட்டுவதைப் பெருமை என்று எப்படிச் சொல்வது? நடந்து வந்த பாட்டன் பாட்டியை அது மறைக்கிறது.

ஏன் இப்படி ஓடுகிறோம் என்று எனக்கும் தெரியும். நான் வேற யாரோ இல்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வருசம், "எந்த ஊர்?" என்று கேட்டால் "ஹட்டன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். தோட்டத்துப் பேர் வாயில் வராது. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் ராசா பரம்பரையைத் தேடுவதில் ஆச்சரியம் இல்லை. கூலி என்று எழுதி வைத்த இடத்தில் ஃபேரோ என்று எழுதிப் பார்க்க ஆசை. ஆனா இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ராசா பரம்பரையாக இருந்தால்தான் மரியாதை என்றால், கூலி பரம்பரைக்கு மரியாதை இல்லை என்பதை நாமே ஒப்புக்கொள்கிறோம். நம்மை இழிவு பண்ணினவன் போட்ட அதே தராசில்தான் நாமும் ஏறி நிற்கிறோம்.

இனி அந்தப் பட்டியல் விட்டுப்போன விசயம்.

நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே, தெயிர் அல்-மதீனா என்று ஒரு இடம் இருக்கிறது. ஃபேரோக்களின் கல்லறைகளை மலைக்குள் குடைந்து, சுவரில் படம் தீட்டின தொழிலாளர்களின் குடியிருப்பு. சுற்றிச் சுவர். உள்ளே ஏறக்குறைய எழுபது வீடு. நடுவில் தெரு, ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி, சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக வீடுகள். வீடு அரசாங்கத்துடையது, வேலைக்காகக் கொடுத்தது. கிணறு இல்லை, தண்ணி வெளியிலிருந்து வரணும். வேலைக்காரர் ரெண்டு குழு, வலப்பக்கம், இடப்பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிக்க ஒரு எழுத்தர். கூலி காசாக இல்லை, மாசா மாசம் தானியமாக அளந்தார்கள்.

நூலகத்தில் இதைப் படித்துக்கொண்டிருந்தப்போ எனக்கு ஒரு கணம் எகிப்து மறந்துபோச்சு. லயம். கங்காணி. கணக்கப்பிள்ளை. செக்ரோல். சம்பளத்தில் கழிக்கிற அரிசி. எல்லாமே இருக்கிறது.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்த ஊரின் வரவுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் எழுதியது, இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆண்டு, இன்றைக்கு ஏறக்குறைய 3,270 வருசத்துக்கு முந்தியது. ஓரத்தில் நாற்பது பேரின் பெயர். பக்கத்தில் வராத நாட்கள் கறுப்பில், அதுக்கு மேலே வராத காரணம் சிவப்பில். சுகமில்லை. தேள் கொட்டியது. கண் நோவு. பியர் காய்ச்சினான். சகோதரன் சவத்தைப் பதப்படுத்தினான். வீட்டில் மனைவிக்கோ மகளுக்கோ உதிரப்போக்கு.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நியாயமா நடக்கணும். காமனுக்கும் ஒசிரிஸுக்கும் போட்ட அதே கேள்வியை இதுக்கும் போடணும். பிரிட்டிஷ் தொரைமார் எகிப்தைப் பார்த்துத்தான் லயம் கட்டினார்களா? இல்லை. தடம் கிடையாது. தெயிர் அல்-மதீனாக்காரர்கள் தேர்ந்த கைவினைஞர்கள், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியும், தங்களுக்கே படம் தீட்டின கல்லறை கட்டிக்கொண்டார்கள். எங்க அப்பாயிக்குத் தேயிலைக்கு நடுவில் ஒரு மண்மேடு, அதுவும் ரெண்டு மழையில் கரைந்துவிட்டது. ஆக நாம் எகிப்து ராசாவின் வாரிசும் இல்லை, எகிப்துத் தொழிலாளியின் வாரிசும் இல்லை.

அப்ப ஏன் ஒன்று போல இருக்கிறது? ஒரே தேவைதான் காரணம். நிலமும் வேலையும் ஒரே ஆளிடம் இருந்து, மத்தவங்களை ஒரே இடத்தில் பிடித்து வைத்து வேலை வாங்கணும் என்றால், வீட்டை வேலையோடு கட்டணும், சோத்தை வரவோடு கட்டணும், தினமும் தலையை எண்ணணும். நைல் கரையிலும் அதுதான், நுவரெலியா மலையிலும் அதுதான். அப்படியான ஒரு ஏற்பாடு நிலைத்து நிற்பதை "மரபு" என்று கொண்டாட முடியாது. யாருக்கோ அது இன்னும் லாபம், அதனால் நிற்கிறது.

நம்ம ஏற்பாட்டுக்கு எகிப்து வரைக்கும் போகாமலேயே தடம் கிடைக்கும். 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி போட்டார்கள். 1832இல் ராஜகாரிய ஊழியம் சட்டப்படி ஒழிந்தது. கண்டிக் கிராமத்துச் சனம் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக வர விரும்பவில்லை. கங்காணிகள் தமிழகக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதே 1869இல் எகிப்தில் சூயஸ் கால்வாய் திறந்தது. முதல் சில வருசம் அந்தக் கால்வாயையும் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்த எகிப்திய விவசாயிகள்தான் தோண்டினார்கள். கால்வாய் திறந்ததால் இலங்கைக்கும் லண்டனுக்கும் கப்பல் தூரம் குறைந்தது, நம்ம தேயிலை அதன் வழியாகப் போனது. எகிப்துக்கும் மலையகத்துக்கும் இடையில் உண்மையான தொடர்பு வேணும் என்றால், இந்தா, இது இருக்கு. இன்னொன்றும் இருக்கு. எகிப்தை எகிப்தியரே ஆளணும் என்று கிளம்பின அகமது உராபியை பிரிட்டிஷார் 1883இல் இலங்கைக்குத்தான் நாடு கடத்தினார்கள். கொழும்பிலும் கண்டியிலும் இருந்துவிட்டு 1901இல்தான் அவர் ஊர் திரும்பினார். மலை அடிவாரத்தில் ஒரு எகிப்தியப் போராளி இருந்திருக்கிறார். நம்ம பட்டியலில் அவர் இல்லை, பூனை இருக்கிறது.

இப்ப நம்ம பழக்கத்துக்கு வாங்க.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு ஒரு சொல் விளக்கணும். எங்க ஊரில் "பேர்" என்றால் ஒரு ஆளின் பெயர் மட்டும் இல்லை, ஒரு நாள் வேலை. "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால், செக்ரோலில் எத்தனை நாள் விழுந்தது என்று அர்த்தம். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் "அரைப் பேர்". பிந்திப் போனால் அரைப் பேர். எங்க அப்பாயி சாகிற வரைக்கும் தன் வாழ்க்கையை இப்படித்தான் சொல்லும். "உங்க அப்பன் பொறந்த மாசம் எனக்கு ஒம்போது பேருதான்." மனுசரின் பெயர் ஒரு நாள் கூலிக்கான அளவாக மாறி, பாதியாக வெட்டவும் பட்ட சொல் வேற எந்தத் தொழிலில் இருக்கிறது? நாம் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகினதால் காதில் உறைக்கிறதே இல்லை. ஒருநாள் விரிவுரையில் நான் "அரைப் பேர்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துத் தோழி "அதென்ன, பேரைப் பாதியா வெட்டுவாங்களா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கே கேட்டது.

அந்தக் கல்லில் வராத காரணத்துக்கு ஒரு இடம் இருந்தது. வீட்டுப் பெண்ணின் உதிரப்போக்குக்கூட ஒரு காரணமாக, சிவப்பு மையில், எழுதப்பட்டது. என் அம்மா நிற்கிற மலையில் மாதவிடாய் வந்தால் ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லை. பாறை மறைவு, இல்லாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நிறை போடுகிற வரைக்கும் நிற்கணும். கணக்கில் காரணம் எழுத இடம் இல்லை. பேர் விழுந்தது, அரைப் பேர், பேர் இல்லை. மூன்றே மூன்றுதான்.

"அதெல்லாம் மாறிட்டு வருது" என்பாங்க. மாறியிருக்கு, இல்லை என்று சொல்ல மாட்டேன். தப்பு அடித்து எழுப்பின காலம் போச்சு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024இல் 1,350. 2026 பாதீட்டில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா வருகைக் கொடுப்பனவு தருவதாக முன்மொழிந்தார்கள். அந்த 200 எங்க வீட்டுக்கும் வேணும், அரிசி என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும். ஆனா அதன் பெயரைப் பாருங்க. வருகைக்கு. கூட்டிக் கொடுக்கிறப்பவும் பெரட்டில் வந்து நின்றதுக்குத்தான் கொடுக்கத் தோணுது. மாசச் சம்பளம் என்ற ஒன்று நம்மைப் பற்றிய பேச்சில் வருவதே இல்லை. இருநூறு வருசமாகியும் நாம் நாளுக்கு நாள் எண்ணப்படுகிற சனம்.

எண்ணுவது தோட்டத்தோடு நிற்கவும் இல்லை. 1948 பிரசாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்கள் ஆக்கினது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். பெரிய செக்ரோல், ரெண்டு கணக்கப்பிள்ளை. அப்பாயியின் அண்ணன் அந்தக் கணக்கில்தான் கப்பல் ஏறினார். அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை.

அடுத்தது வீடு. போன வருசம் அம்மாவுக்கு முட்டி தேய்ந்து மலை ஏற முடியாமல் போச்சு. ஒருநாள் சாயந்தரம் கணக்கப்பிள்ளை இஸ்தோப்புக்கு வந்து நின்று, "என்னம்மா, இனி இந்த வீட்டுல யாரு பேர் குடுக்கப் போறது?" என்று கேட்டார். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. சாதாரணமாத்தான் கேட்டார். அம்மா எழும்பி நின்று, "முட்டி கொஞ்சம் குறைஞ்சோன்ன நானே வந்துருவேங்க ஐயா" என்று சொன்னது. நான் உள்ளே காம்பராவில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நாலு தலைமுறை பிறந்து செத்த வீடு. கூரைத் தகரம் மாத்தினது நாங்க, தரைக்கு சீமெந்து போட்டது அப்பா. ஆனா ஒருத்தர் பேர் கொடுக்காவிட்டால் அது எங்க வீடு இல்லை. உறுதி இல்லை. தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான், நான் படிக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் முன்னேறினால் அம்மாவுக்கு வீடு ஆட்டம் காணுது. இதைவிடத் தந்திரமான பூட்டை எகிப்தியர் செய்திருக்க மாட்டாங்க.

தெயிர் அல்-மதீனாவுக்கும் அதுதான் நடந்தது. ராசாக்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கில் கல்லறை குடைவது நின்றுபோன காலத்தில் ஊரே காலியாச்சு. வேலைக்காகக் கொடுத்த வீடு வேலையோடு போகும்.

நம்ம இடத்தில் வீடு வேலையோடு மட்டும் போவதில்லை, மலையோடும் போகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டோமா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தப்போ மலையகம் முழுக்க எத்தனை சரிவு. லயம் எங்கே இருக்கணும் என்று முடிவெடுத்தது அதில் குடியிருந்தவர்கள் இல்லை, தேயிலைக்கு ஆகாத துண்டு நிலம் எது என்று பார்த்த தொரைதான். அந்த முடிவு இன்றைக்கும் ஆட்களைக் கொல்கிறது. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் சில இடத்தில் வந்திருக்கு, இந்திய வீட்டுத் திட்டமும் வந்திருக்கு. கிடைத்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கேன். கிடைக்காதவர்கள்தான் அதிகம். புராதனப் பழக்கம் நம்ம அன்றாடத்தில் எப்படி உயிரோடு இருக்கிறது என்று யாராவது கேட்டால், கண்மையைக் காட்டாதீங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவைக் காட்டுங்க.

ஒரு எதிர்க்கேள்வி வரும். "அப்ப பண்பாடே வேணாமா? காமனையும் மாரியம்மனையும் விட்டுட்டு எப்பவும் சம்பளம், லயம் என்று அழுதுகிட்டே இருக்கணுமா?" அதை நான் சொல்லவே இல்லை. கூத்து ராத்திரியில் எங்க தோட்டம் எங்களுடையதா இருக்கும். பெரட்டுக்கு நிற்கிற அதே மைதானத்தில் தப்பு காயும், நெருப்பு எரியும், சிவன் வேசம் கட்டினவர் கண்ணை உருட்டினால் கணக்கப்பிள்ளையும் ஒதுங்கி நிற்பார். அது வேணும்.

ஆனா அதையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட மாட்டேன். "பழைய வழக்கம்" என்ற சொல்லுக்குப் பின்னால் நம்ம ஆட்களும் ஒளிகிறாங்க. தப்பு அடிக்கிறவர் சாவு வீட்டிலும் கோயிலிலும் எந்த இடத்தில் நிற்கணும் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறாங்க. எந்தச் சாதிக்கு எந்த லயம் என்று கோப்பிக் காலத்தில் பிரித்ததை இன்றைக்கும் வாயால் சொல்லாமல் மனதில் வைத்திருக்கிறோம். ரதிக்காக ராத்திரி முழுக்க அழுகிறோம், ஆனா ரதி வேசத்தை ஆம்பிளைதான் கட்டணும். ஒரு பொம்பளைப் பிள்ளை ஆசைப்பட்டால், "வழக்கம் இல்லை" என்று ஒரே சொல். வழக்கம் என்றால் வாதம் முடிந்துவிடும். கங்காணி காலத்திலும் அப்படித்தான் முடிந்தது.

இன்னொரு கூட்டமும் வழக்கத்தை ரசிக்கிறது. தொரை பங்களாக்கள் இப்ப ஹோட்டல். வெள்ளைக் கையுறை போட்டு, வெள்ளிக் கேத்தலில் தேத்தண்ணி ஊத்தி, பழைய காலத்தை அனுபவிக்கலாம் என்று விளம்பரம். கூடை மாட்டின பெண்ணோடு படம் எடுக்கலாம். அதே பழைய காலத்தில்தான் என் அம்மா தினமும் இருக்கு, அதுக்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

கடைசியா, அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய உண்மையான எகிப்தியப் பழக்கம் ஒன்று சொல்கிறேன். கி.மு. 1157 அளவில், மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில், தெயிர் அல்-மதீனாவுக்குத் தானியம் வரவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது. தொழிலாளர்கள் கருவியை வைத்துவிட்டுக் காவல் சுவரைத் தாண்டி நடந்து, கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். பசியிலும் தாகத்திலும்தான் வந்தோம், உடை இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, ராசாவுக்குச் சொல்லுங்க என்றார்கள். எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தம் என்று சொல்லப்படுவது இதுதான். அதை எழுதி வைத்தது அமென்நக்த் என்ற எழுத்தர் என்கிறார்கள். வரவு குறிக்கிற வேலையில் இருந்த ஆள். அந்தப் பப்பைரஸ் இத்தாலியில் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கேயும் எழுதினவர்கள் இருந்தார்கள். கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார், தோட்டத்துக்குள் சங்கத்தார் கால் வைக்கக்கூடாது என்றிருந்த காலத்தில் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கட்டினார். மீனாட்சியம்மை மேடைக்கு மேடை பாடினார். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டுச் செத்தார். கேட்டது கூலி உயர்வுதான். அந்த மூன்று பெயரை நம்ம வட்ஸ்அப் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? துட்டன்காமுனை எல்லாருக்கும் தெரியும்.

கலைப்பீடத்தில் படிக்கிற நம்ம மாதிரி ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான். நாம்தான் இந்த லயத்திலிருந்து எழுதக் கற்றுக்கொண்டவர்கள். எழுதத் தெரிந்தவன் பெரட்டுக் களத்தில் பேர் குறிக்கவும் முடியும், குறிக்கிறவனைப் பற்றி எழுதவும் முடியும். அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போனால் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ உட்கார்ந்து, எத்தனை பேர், எத்தனை அரைப் பேர், எந்த வருசம் எந்த மலை என்று கேட்டு எழுதுங்க. பழைய சம்பளத் துண்டு, கடிதம், கடவுச்சீட்டு எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்க. இந்த வீட்டில் எத்தனை வருசம் இருக்கோம் என்று தேதி போட்டு எழுதுங்க. காணி உறுதி கேட்டுப் போகிற நாளில் பிரமிட் படம் உதவாது, இந்தக் கணக்கு உதவும்.

அண்ணா, நீங்க இதை வாசிப்பீங்க என்று தெரியும். வருகிற மாசியில் நீங்க தூதன் வேசம் கட்டுங்க, நான் கட்டாயம் வருவேன். இந்த முறை ரதி வேசத்துக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை கேட்டால் என்ன சொல்லுவீங்க என்று மட்டும் யோசித்து வையுங்க. கேட்கப் போறது என் தங்கச்சிதான்.